மேட்டில் மட்டும் வந்த கோளாறு

ஏற்றத்தில் மட்டும் இழுவை விட்டுப்போவது, டீசல் வண்டிகளில் எளிதாகத் தப்புக் கணக்குப் போடப்படும் கோளாறு. சமதளத்தில் வண்டி சொன்னபடி கேட்கும். ஸ்டார்ட்டிங் சரியாக இருக்கும், புகை இருக்காது, நின்றபடி ஓடும்போது உதறல் இருக்காது. மேடு பிடித்ததும் திணறும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. செக் இன்ஜின் விளக்கு எரியும். ஓரங்கட்டி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பழுது தெரியும் இடம் மலையாகவும் பழுது பார்க்கும் இடம் சமவெளியாகவும் இருந்துவிட்டால் காரியம் எங்கே போய் நிற்கும் என்பதைப் பொட்டிபுரத்துக் குடும்பம் ஒன்றின் வண்டி காட்டியது.

பொட்டிபுரம் தேனி மாவட்டத்தில், தேவாரத்தை ஒட்டிய மலையடிவாரத்து ஊர். வெளியுலகத்துக்கு அந்தப் பெயர் தெரிந்தது அம்பரப்பர் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தால். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. அந்தப் பக்கத்து ஊர்களின் பழைய கவலை வேறு. தலைக்கு நேர் மேலே கேரள எல்லைக்குள் கிடக்கும் ஏலத்தோட்டத்துக்கு எந்த வழியாகப் போவது என்பதே அது. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. அது இல்லாதபோது தெற்கே கம்பம்மெட்டைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் வடக்கே போடிநாயக்கனூருக்கு வந்து போடிமெட்டு ஏற வேண்டும்.

போடிமெட்டுச் சாலை கொச்சியிலிருந்து தொண்டி செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. போடி கடல்மட்டத்துக்கு மேல் 350 மீட்டர் அளவில் இருக்கிறது. மெட்டு 1,300 மீட்டரைத் தாண்டியது. முந்தலில் மலை தொடங்கினால், புலியூத்து உள்பட வழிநெடுக 17 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உயரம் முழுவதையும் ஏறியாக வேண்டும். விடியுமுன் தோட்டக்கூலிகளை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள்தான் இந்தச் சாலையின் அன்றாடம்.

அந்தக் குடும்பத்துக்குச் சாந்தன்பாறைப் பக்கம் சிறிய ஏலத்தோட்டம் இருந்தது. ஏலச்செடியில் காய் ஒரே தடவையில் பழுக்காது. ஆடி, ஆவணியில் தொடங்கும் எடுப்பு ஏறத்தாழ 40 நாளுக்கு ஒரு சுற்றாகத் தை, மாசி வரை நீளும். பறித்த பச்சைக் காயைத் தேக்கி வைக்க முடியாது. ஒரு நாளுக்குள் உலர் கூடத்துக்குப் போகவில்லையென்றால் நிறம் போய்விடும். நிறம் போனால் ஏலத்தில் விலை போய்விடும். ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்காய் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே சீசனில் ஆளையும் சாக்கையும் ஏற்றிப்போகும் வண்டி நின்றால் வேலை அப்படியே நின்றுவிடும். குடும்பத்தில் முன்பு ஓடிய பழைய ஜீப்பை விற்றுவிட்டு, ஏழு பேர் உட்காரும் காமன் ரெயில் டீசல் வண்டியை வாங்கியிருந்தார்கள். நீட்டித்த வாரண்டியும் கையில் இருந்தது.

கோளாறு முதலில் தலைகாட்டியது சீசனின் நடுவில், ஆள் நிறைந்து ஏறும்போது, மேல் வளைவுகளில். கொண்டை ஊசியில் முதல் கியருக்கு மாற்றி மிதித்தால் இன்ஜின் ஒரு கணம் மூச்சுப் பிடித்ததுபோல் நின்று, பிறகு முனகிக்கொண்டு நகர்ந்தது. விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டதும் சரியாயிற்று. இறக்கத்தில் ஒரு குறையும் இல்லை. சில வாரங்களில் கீழ் வளைவுகளிலேயே அது வரத் தொடங்கியது.

தேனிப் பக்கத்தில் இருந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி விடப்பட்டது. வாசலில் போடும் ஜாப் கார்டில் 'பிக்கப் குறைவு' என்று இரண்டே சொல் எழுதப்பட்டது. எந்த இடத்தில், எத்தனை ஆள் ஏறியிருக்கும்போது, எந்தக் கியரில் என்று சொந்தக்காரர் சொன்ன எதுவும் அட்டையில் ஏறவில்லை. பின்னால் வந்த தகராறு முழுவதற்கும் இந்த இரண்டு சொல்லே விதை. வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரைச் செருகியதும் பி 0087 என்ற எண் வந்தது. டீசல் பில்ட்டரை மாற்றி, எண்ணை அழித்து, போடி ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று வண்டியைக் கொடுத்தார்கள். அந்த ரோடு கிட்டத்தட்ட மேசை மாதிரி சமம். அடுத்த எடுப்புக்கு ஏறும்போது முந்தலைத் தாண்டியவுடன் விளக்கு எரிந்தது.

இரண்டாவது தடவை ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றினார்கள், காசு வாங்கினார்கள், கோளாறு போகவில்லை. அதற்கடுத்து வந்ததுதான் பெரிய எஸ்டிமேட்: ஹை பிரஷர் பம்பும் நான்கு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டும். தொகை ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. வாரண்டி இருக்கிறதே என்று கேட்டதற்கு, கழற்றிய பில்ட்டரின் அடியிலிருந்து வடித்த கலங்கல் டீசலை ஒரு சின்ன பாட்டிலில் காட்டி, கலப்பட டீசலால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்றார் சர்வீஸ் அட்வைசர்.

"பம்பு போயிருச்சு சார். ஸ்கேனரே சொல்லுதுல்ல."

"ஸ்கேனரு மெட்டு ஏறிப் பாத்துச்சா தம்பி?"

மலைக்கு எடுத்துப் போய்ச் சோதிக்க வேண்டும் என்ற கோரிக்கை, டெஸ்ட் டிரைவுக்குக் கிலோமீட்டர் வரம்பு உண்டு என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. பாட்டிலில் காட்டிய கலங்கலும் பெரிய சான்று இல்லை. டீசலில் வரும் தண்ணீரையும் தூசியையும் பிரித்து அடியில் தங்க வைப்பதே அந்தப் பில்ட்டருக்கு இட்ட வேலை. எந்த வண்டியின் பில்ட்டர் அடியை வடித்தாலும் ஏதாவது வரும். கலப்படம் என்று சொல்ல வேண்டுமானால் டேங்கிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. சந்தேகம் வந்தால் பங்கிலேயே டீசலின் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. சொந்தக்காரர் வழக்கமாக டீசல் போடும் போடி பங்கில் கேட்டு, அளவு பதிவேட்டோடு ஒத்திருப்பதைப் பார்த்து, பில்லையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பி 0087 என்ற எண் என்ன சொல்கிறது என்பதே இந்த விஷயத்தின் மையம். காமன் ரெயில் முறையில் ஒரு பம்பு டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் பொதுவான ஒரு குழாய்க்குள் தள்ளும். அங்கிருந்து இன்ஜெக்டர்கள் கம்ப்யூட்டர் சொல்லும் கணத்தில் பீய்ச்சும். கார்களில் இது முதலில் வந்தது 1997-இல், ஆல்ஃபா ரோமியோ 156 வண்டியில். இன்ஜின் நின்றபடி ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் 250, 300 பார் அளவில் இருக்கும். பாரம் ஏறினால் பல வண்டிகளில் 1,600 பார் வரை போகும். கார் டயருக்குள் இருப்பது இரண்டு பார் சொச்சம் என்று நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் ஒன்று, சென்சார் காட்டிய அழுத்தம் அதைவிடக் குறைவு. இந்த எண்ணுக்கு அர்த்தம் அவ்வளவுதான். பம்பு கெட்டதா, இன்ஜெக்டர் திருப்பி விடுகிறதா, பில்ட்டர் அடைத்ததா, அளவு வால்வு சிக்குகிறதா, பம்புக்கு வரும் டீசலே குறைவா என்பதை எண் சொல்லாது. வியாதியின் பெயரை அது தரவில்லை. காய்ச்சல் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அழுத்தம் குறைந்ததைக் கண்டதும் கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்ற இழுவையைக் குறைத்துவிடும். மெக்கானிக்குகள் லிம்ப் மோடு என்பது இதைத்தான்.

மேட்டில் மட்டும் இது வருவதற்கும் காரணம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் முழுப் பாரத்தையும் இழுக்கிறது. சுற்று குறைவாக இருப்பதால் பம்பு தள்ளும் அளவு குறைவு. பாரம் அதிகமாக இருப்பதால் இன்ஜெக்டர் கேட்கும் அளவு அதிகம். டீசல் வரும் பாதையில் சின்னக் குறை இருந்தாலும் அந்த இடத்தில்தான் தெரியவரும். தேனி ரோட்டில் நான்காம் கியரில் போகும் வண்டியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

பம்பையும் இன்ஜெக்டரையும் தனித்தனியாகப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜெக்டருக்குள் போகும் டீசலில் ஒரு பங்கு பீய்ச்சப்படாமல் திரும்பி வரும். நான்கு இன்ஜெக்டரின் திரும்பு குழாய்களையும் நான்கு சின்னக் குப்பிகளில் விட்டு இன்ஜினை ஓட்டினால், எந்தக் குப்பி மட்டும் சீக்கிரம் நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் கெட்டது. நான்கும் ஒரே மட்டத்தில், அளவோடு இருந்தால் இன்ஜெக்டர்கள் மேல் பழி போட முடியாது. சொந்தக்காரர் இந்தச் சோதனையைச் செய்து முடிவை எழுதிக் கொடுக்கும்படி ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொண்டார். பதில் வரவில்லை. பம்பை மாற்றுவதாக இருந்தால் முன்பணம் கட்டுங்கள் என்று போன் மட்டும் வந்தது.

வண்டி போடிக்குப் போனது. பம்பு நாசில் வேலை பார்க்கும் பழைய பட்டறைகள் அங்கே இருக்கின்றன. பெஜோ வடிவமைப்பு டீசல் இன்ஜின் பூட்டிய மகிந்திரா ஜீப்புகளைப் பிரித்துப் பழகியவர்கள் நடத்துபவை. கம்பெனி ஸ்கேனரும் சர்வீஸ் புத்தகமும் இப்படிப்பட்ட பட்டறைகளுக்குக் கிடைக்காமல் இருந்ததற்கு ஒரு பின்கதை உண்டு. உதிரி பாகத்தையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மேல் மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனங்களையும் அதில் சேர்த்தது. போடிப் பட்டறையில் அப்போது இருந்தது சந்தையில் கிடைக்கும் சாதாரண ஸ்கேனர் ஒன்றுதான்.

பட்டறைக்காரர் முதலில் கேட்டது எண்ணை அல்ல. எந்த வளைவில், எத்தனை ஆள், டேங்கில் எவ்வளவு டீசல் என்று. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் கோளாறு கூடுகிறது என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. சர்வீஸ் சென்டரில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"பம்பைத் தொடாதீங்கண்ணே. இது ஏர் எடுக்குது."

அவர் பில்ட்டருக்கும் பம்புக்கும் நடுவே இருந்த கறுப்பு ஓஸைக் கழற்றி, அந்த இடத்தில் முழ நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி ஓஸைப் பூட்டினார். பட்டறை வாசலில் வைத்து உறுமவிட்டபோது ஓஸுக்குள் டீசல் மஞ்சளாக, ஒரு குமிழும் இல்லாமல் ஓடியது. சர்வீஸ் சென்டரிலும் இப்படிப் பார்த்திருந்தால் இதுதான் தெரிந்திருக்கும். பிறகு மணல் மூட்டைகளைப் பின்னால் ஏற்றி, முந்தலுக்கு மேலே போனார்கள். சில வளைவுகள் ஏறியதும் விளக்கு எரிந்தது. அணைக்காமல் பானட்டைத் தூக்கி, ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, மற்றவர் எட்டிப் பார்த்தார். குண்டூசித் தலை அளவுக் குமிழ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மிதிக்க மிதிக்க அவை சேர்ந்து, கண்ணாடி ஓஸின் மேல்பக்கம் நீளமான காற்றுத் துண்டாக நின்றது. பம்புக்கும் நான்கு இன்ஜெக்டருக்கும் விலை சொல்லிக்கொண்டிருந்த பேச்சு அந்த இடத்தோடு முடிந்தது.

டேங்கிலிருந்து பம்பு வரை உள்ள பாதை, அந்த வண்டியில் இருந்த முறைப்படி, உறிஞ்சும் பாதை. அதில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. வெளிக்காற்று உள்ளே போகும். ஆகவே அடியில் படுத்துப் பார்ப்பவருக்கு ஈரமே தெரியாது. ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கி நிற்பதால் பின்னாலுள்ள டேங்கிலிருந்து டீசலை இன்னும் உயரம் இழுக்க வேண்டியிருக்கிறது. டேங்க் குறைந்தால் இன்னும் கூடுதல். உறிஞ்சல் கூடக் கூட வெடிப்பு வழியே காற்றும் கூடுகிறது. காற்று கலந்த டீசலை 1,600 பாருக்கு அழுத்த எந்தப் பம்பாலும் முடியாது. பழைய ஜீப் ஓட்டுநர்களுக்கு இது முதல் பாடம்: வண்டி திணறினால் பில்ட்டர் மேல் திருகைத் தளர்த்தி, நுரை அடங்கும்வரை கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றுவார்கள். மின்னணு வந்த பிறகும் டீசலுக்குள் காற்று போகும் விதம் மாறவில்லை. ஆனால் சர்வீஸ் சென்டரின் பட்டியலில் அந்தக் கேள்வி இடம்பெறவில்லை.

வெடிப்பு டேங்க் பக்கத்து ரப்பர் ஓஸின் முனையில், கிளிப்புக்கு அடியில் இருந்தது. கிளிப்பைத் தளர்த்தி ஓஸை வளைத்தபோதுதான் மயிரிழைபோல் வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. புது ஓஸ் துண்டும் இரண்டு கிளிப்பும் கூலியும் சேர்த்துச் சில நூறு ரூபாய். நான்கு குப்பிச் சோதனையையும் செய்து பார்த்தார்கள். நான்கும் ஒரே மட்டம். அதே மூட்டைகளோடு வண்டி மெட்டுவரை ஏறி இறங்கியது.

சொந்தக்காரர் பழைய ஓஸ் துண்டை ஒரு கவரில் போட்டு, கண்ணாடி ஓஸில் குமிழ் ஓடுவதைப் போனில் எடுத்த படத்தோடு சர்வீஸ் சென்டருக்குப் போனார். கேட்டது மூன்று: சென்சாருக்கும் அதற்கான கூலிக்கும் வாங்கிய பணம், கழற்றிய பழைய சென்சார், ஜாப் கார்டுகளின் நகல். மேலாளர் முதலில் வெளிப் பட்டறையில் கை வைத்ததால் வாரண்டியே போய்விடும் என்றார். பிறகு, அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த சர்வீஸுக்கு அங்கேயே வருவதாகச் சொந்தக்காரர் சொல்லவே இல்லை.

சட்டம் இந்த இடத்தில் வாடிக்கையாளருக்கு ஓரளவு கை கொடுக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சேவைக் குறைபாட்டுக்குப் பணம் திரும்பவும் இழப்பீடும் கேட்க இடம் தருகிறது. வண்டி வாங்கிய ஊரில்தான் என்று இல்லை, குடியிருக்கும் இடத்திலேயே மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தோட்ட வேலைக்கு ஓடும் வண்டி வணிக நோக்கத்தைச் சேர்ந்தது, ஆகவே நுகர்வோர் ஆக மாட்டார் என்ற வாதம் வழக்கமாக வரும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கியிருக்கிறது. ஆணையத்துக்குப் போவதற்குமுன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்வது இன்னொரு வழி; சொந்தக்காரர் அதைச் செய்தார்.

வண்டி வழக்குகளில் கேட்பது எல்லாம் கிடைத்துவிடுவதில்லை. 2006-இல் மாருதி நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில், பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. 2010-இல் இன்ஜின் பிரச்சினை பற்றிய ஃபியட் கார் வழக்கில், சார்பில்லாத தொழில்நுட்ப வல்லுநர் சோதித்து உற்பத்திக் குறை இருக்கிறது என்று சொன்னால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. இரண்டிலிருந்தும் தெரிவது, வாய்ப்பேச்சை விட வல்லுநர் தாளுக்கே அங்கே மதிப்பு என்பது. பொட்டிபுரத்துக்காரரிடம் அப்படிப்பட்ட தாள் இல்லை. பட்டறைப் பில், ஓஸ் துண்டு, படம், சீல் போட்ட கடித நகல் ஆகியவையே இருந்தன. கேட்ட தொகையும் பெரிது இல்லை. ஒருவேளை அதனால்தான் காரியம் சீக்கிரம் முடிந்தது.

உதவி எண்ணிலிருந்து புகார் கம்பெனிக்குப் போன பிறகு, மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். சென்சார் விலையும் அதன் கூலியும் வங்கிக் கணக்குக்கு வந்தன. பில்ட்டருக்கான பணத்தைச் சொந்தக்காரர் கேட்கவில்லை. எப்படியும் மாற்ற வேண்டிய கிலோமீட்டரை அது தாண்டியிருந்தது. அலைச்சலுக்கும் வாடகை ஜீப்புக்கும் ஒரு காசும் கிடைக்கவில்லை.

பணத்தைவிட நீண்டு இழுத்தது வண்டியின் சர்வீஸ் வரலாற்றில் ஏறியிருந்த ஒரு வரி. 'கலப்பட டீசலால் பாதிப்பு, வாடிக்கையாளர் பழுது பார்க்க மறுப்பு' என்று கம்பெனிக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. நாளைக்கு உண்மையாகவே பம்பு போனால் வாரண்டியை மறுக்க அந்த வரி போதும். வண்டியை விற்கப் போனால் வாங்குபவர் கண்ணிலும் அதுவே படும். ஏறிய பதிவை அழிக்க முடியாது என்று டீலர் சொன்னார். கடைசியில், அதன் கீழேயே புதிதாக ஒரு பதிவு சேர்க்கப்பட்டது: உறிஞ்சு ஓஸில் வெடிப்பு, ஓஸ் மாற்றப்பட்டது, பம்பும் இன்ஜெக்டரும் சரி, எரிபொருள் ஆய்வு செய்யப்படவில்லை. அதன் அச்சுப் பிரதியில் மேலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆணையத்துக்கு என்று எழுதி வைத்த மனு தாக்கல் ஆகவில்லை.